இஸ்திரிக்காரன் பொசுக்கிய கம்பளி

எங்கள் கல்லூரியில் புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்த வாரம் அது. பிரின்சிப்பல் டீச்சரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் வீட்டில் அன்றாடம் புழங்குகிற ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். அதை மேசைமேல் வைத்து மூன்று நிமிடம் பேச வேண்டும். அப்படிப் பேசினால் பல ஊர், பல மொழி, பல சாதிப் பிள்ளைகளிடையே சமூக ஒருங்கிணைவு உண்டாகும் என்று எழுதியிருந்தது. உண்டாகட்டும், எனக்கென்ன ஆட்சேபணை. முதலமடை மாந்தோப்பிலிருந்து வந்த பையனும் மறையூர் மலையிலிருந்து வந்த பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதை நானும்தான் பார்க்கிறேன்.

வந்து விழுந்த பொருள்களைப் பார்த்திருக்க வேண்டுமே நீங்கள். சார்ஜர், சார்ஜர், இயர்போன், மறுபடியும் சார்ஜர். மேசை மொபைல் ரிப்பேர் கடை மாதிரி ஆகிவிட்டது. என் முறை வந்தபோதுதான் நான் ஒன்றுமே கொண்டுவரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்து, நீரின்றி வாழ்வில்லை என்கிற ரீதியில் மூன்று நிமிடத்தை ஓட்டினேன். பொருளியல் ஆசிரியனுக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டத் தெரியாவிட்டால் எப்படி?

முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் மூக்கைச் சுருக்கிக்கொண்டே இருந்தாள். "சார், எவிடயோ கரிஞ்ஞ மணம்."

அந்த மணம் என்னிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. காலையில் அவசரமாகத் தேய்த்ததில் சட்டையின் பின்பக்கம் பழுப்பாகிவிட்டது. இத்தனை வயதாகியும் எனக்கு ஒழுங்காக இஸ்திரி போட வராது. ஆனால் ஒரு விஷயத்தில் நான் நிபுணன். பருத்தி கரிந்தால் ஒரு மணம், டெரிகாட்டன் கரிந்தால் வேறு மணம், கம்பளி கரிந்தால் தலைமுடி கருகின மணம். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன். அந்த மூன்றாவது மணம் எனக்கு எப்படிப் பழக்கமாயிற்று என்று அன்று அந்த மேடையில் சொல்லியிருந்தால் பிரின்சிப்பல் டீச்சர் மகிழ்ந்திருப்பார். மூன்று நிமிடத்தில் அடங்குகிற கதை இல்லை என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் எருத்தேன்பதிக்காரன். கேரள எல்லைக்குள் இருக்கிற, தமிழ் பேசுகிற ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னையும் நிறைய நிலக்கடலையும் இருந்தன. கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தபோது, வீட்டிலிருந்து தினம் போய்வர முடிகிற தூரம்தான் என்றாலும், விடுதியில் தங்கினால்தான் காலேஜ் என்று அடம்பிடித்து மூன்றாம் நம்பர் அறைக்குள் போய் விழுந்தேன். அங்கே எனக்கு முன்பே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ஒற்றப்பாலத்திலிருந்து வந்த சுதீஷ். மலையாளி, அளந்து பேசுகிறவன். இன்னொருவன் ஜெபராஜ். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். அவன் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறவர்.

ஒரு தமிழன் அகப்பட்டானே என்று எனக்குச் சந்தோஷம். எங்கள் ஊர் மரியாதைப்படி, "வாங்க, உக்காருங்க, எந்த ஊருங்க?" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏல, நக்கலா?"

எனக்குச் சுருக்கென்றது. முதல் பேச்சிலேயே ஏல என்கிறானே! நான் கேலி செய்வதாக அவனும், அவன் மதிக்கவில்லையென்று நானும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தோம். இரண்டு தமிழர்களுக்கு நடுவே சமாதானம் பேசியவன் சுதீஷ்.

அறையில் மூன்று பொருள்கள் முக்கியமானவை. முதலாவது, என் இஸ்திரிப்பெட்டி. "காலேஜுக்குப் போறவன் கசங்கிப் போகக்கூடாது" என்று அப்பா கோயமுத்தூரில் வாங்கிக் கொடுத்தது. அதில் நைலான், பட்டு, பருத்தி என்று ஒரு திருகு இருந்தது. எதில் வைத்தாலும் அதற்குத் தெரிந்தது ஒரே சூடுதான். இரண்டாவது, பிளக் பாயிண்ட். அறைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் சுதீஷின் கட்டிலுக்குத் தலைமாட்டில். அவன் எழுந்து நகர்ந்தால்தான் மின்சாரம். மூன்றாவது, ஜெபராஜின் கம்பளி. சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு, தொட்டால் கள்ளிச்செடி மாதிரி குத்தும். சித்தூர் வெயிலில் மனிதர்கள் தோலையே கழற்றி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் இவன் கம்பளியோடு வந்து இறங்கியிருந்தான். நான் விடுவேனா? அவனுக்கு "ஆட்டுக்குட்டி" என்று பெயர் வைத்தேன். மூன்று நாளில் விடுதி முழுக்கப் பரவியது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆனால் அந்தக் கம்பளி இல்லாமல் என் பெட்டிக்கு வேலை இல்லை. இஸ்திரி போட அடியில் தடியாக ஏதாவது வேண்டும் அல்லவா? விடுதியில் தடியான துணி அது ஒன்றுதான். நாலாய் மடித்து மேசைமேல் விரித்தால் அருமையான மெத்தை. பெட்டி என்னுடையது, மெத்தை அவனுடையது, மின்சாரம் சுதீஷுடையது. ஒருவன் கோபித்துக்கொண்டாலும் மூன்று பேரும் கசங்கிய சட்டையோடு போக வேண்டியதுதான். ஆகவே கோபித்துக்கொள்ள வசதியில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் வராந்தா முழுக்க எங்கள் அறைக்கு வந்துவிடும். பெருமாட்டிக்காரன், கல்பாத்திக்காரன், கொல்லங்கோட்டுக்காரன், எல்லோரும் ஆளுக்கு இரண்டு சட்டையோடு கட்டில்களில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தேய்க்கிற உரிமை எனக்கு மட்டும். எங்கள் ஊர் வண்ணார் செய்கிற மாதிரி வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு புர்ர்ர் என்று சட்டைமேல் ஊதுவேன். கல்பாத்திக்காரன் பதறிப்போய், "அய்யய்யோ, எச்சில்! எனக்குத் தேய்க்கவே வேண்டாம், நான் இப்படியே போய்க்கறேன்" என்று சட்டையைப் பிடுங்குவான். அவனுக்கென்று ஜெபராஜ் குவளையில் கை நனைத்துத் தெளிப்பான். அறையில் மின்சாதனம் கூடாது என்பது விடுதி விதி. வார்டன் சார் அதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறவர். ஆனால் அவருடைய வேட்டியும் எங்கள் வரிசையில்தான் வரும், வேறு யார் கையிலாவது கொடுத்தனுப்புவார். ஞாயிறு மதியங்களில் யார் யாரோடு பேசுவது என்கிற கணக்கே இல்லை. சட்டைக்குக் காத்திருக்கிறவன் பக்கத்தில் இருக்கிறவனோடு பேசித்தானே ஆக வேண்டும்.

நவம்பர் கடைசி என்று நினைக்கிறேன். அன்று கூட்டம் அதிகம். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது. கையில் பெட்டியோடு ஒரு நாடகம் போட்டேன். ஆட்டுக்குட்டி கம்பளியைச் சுமந்துகொண்டு சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேர்த்து விறுவிறுத்து நிற்கிற காட்சி. "ஏல, இங்க பனி எப்பம்ல பெய்யும்?" என்று அவன் குரலிலேயே கேட்டேன். அறை குலுங்கியது. ஜெபராஜும் சிரித்தான். அடுத்து கண்டக்டர் வேடம், அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பெட்டியைக் கம்பளிமேல் வைத்தேன். நிமிர்த்தி வைக்கவில்லை, படுக்க வைத்தேன்.

சுதீஷ்தான் முதலில் கத்தினான். "எடா! புகை!"

பெட்டியை எடுத்தபோது கம்பளியில் இன்னொரு பெட்டி இருந்தது, கருப்பாக. மூக்கும் வாலும் அச்சு அசல். மடித்திருந்ததால் அடி மடிப்பிலும் இறங்கியிருந்தது. ஜெபராஜ் மெதுவாக விரித்துப் பார்த்தான். நட்டநடுவில் இரண்டு ஓட்டைகள், இரண்டு படகுகள் எதிரும் புதிரும் நிற்பது மாதிரி. முடி கருகின மணம் அறை முழுக்க.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "விடுறா, இனிமே காத்தோட்டமா இருக்கும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. "பரவால்லல" என்றான் ஜெபராஜ். கம்பளியை ஒழுங்காக மடித்துத் தன் தகரப்பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெளியே போனான்.

சுதீஷ் பிளக்கைப் பிடுங்கினான். "எடா, அது யார்ட கம்பளின்னு தெரியுமோ? அவண்டெ அம்மேடெ."

பிறகு விஷயத்தைச் சொன்னான். அந்தக் கம்பளி எஸ்டேட் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கொடுப்பது. சில வருஷத்துக்கு ஒரு முறைதான், ஆளுக்கு ஒன்றுதான். மலையை விட்டு இறங்கியே பழக்கமில்லாத ஜெபராஜின் அம்மா, உலகம் முழுக்க ராத்திரியில் குளிரும் என்று நினைத்துக்கொண்டு, மகன் படிக்கிற இடத்தில் நடுங்குவானே என்று தன் கம்பளியைக் கொடுத்தனுப்பிவிட்டார். இங்கே அடுப்பு மாதிரி வேகிறது என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஓணம் லீவில் திரும்பக் கொண்டுபோனால், "பரீட்சை நேரத்துல சளி பிடிச்சுக்கும்" என்று மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டார். அங்கே அவர் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு படுக்கிறார். ஜனவரியில் அந்த மலையில் புல்மேல் பனி உறைந்து கிடக்கும். விடுதியில் கம்பளி தருகிறார்கள் என்று ஒரு பொய் சொல்லி, கிறிஸ்மஸ் லீவில் அதை அம்மாவிடம் சேர்த்துவிடுவதாக இருந்தான். கிறிஸ்மசுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நான் கேட்டு" என்றான் சுதீஷ். "நீ கேட்டில்லல்லோ."

ஜெபராஜின் ஊரையும் பேச்சையும் கம்பளியையும் வைத்து ஆறு மாதம் பிழைப்பு நடத்தியிருக்கிறேன், இது எதற்குடா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒற்றப்பாலத்து மலையாளி கேட்டிருக்கிறான்.

அடுத்த ஞாயிறு எங்கள் அறைக்கு யாரும் வரவில்லை. விடுதியே கசங்கித் திரிந்தது. வார்டன் சார் வேட்டியும் சுருக்கத்தோடு வந்தது. ஜெபராஜ் என்னோடு பேசாமல் இல்லை. தண்ணி இருக்கா, இருக்கு, லைட்ட அமத்தவா, அமத்து. அது பேசாமல் இருப்பதைவிட மோசம்.

கம்பளியை ரகசியமாக எடுத்துக்கொண்டு கடைவீதித் தையல்காரரிடம் போனேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்தா மோனே இது, ஆனைக்குப் போடறதா? என்டெ மிஷின் தாங்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அப்பாவிடம் ஒரு கம்பளி இருந்தது. கருப்பு ஆட்டுமயிரில் நெய்தது. மழைக்காலத்தில் அதன் மூலையை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். கேட்டால் எதற்கென்று கேட்பார், சொன்னால் உதைப்பார். கேட்காமலே சுருட்டிக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினேன். அந்தக் கம்பளியின் மணத்துக்கு என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது.

அறையில் அதை ஜெபராஜிடம் நீட்டினேன். அவன் மோந்து பார்த்தான். "ஏல, இத எங்கம்மா போத்துனா லயத்துல உள்ள நாயெல்லாம் வந்து கூடவே படுத்துக்கிடும்." அப்புறம் சிரிக்காமல் சொன்னான்: "வேண்டாம்ல. வேற கம்பளியக் கொண்டுபோனா அது எங்கன்னு கேப்பா."

லயம் என்பது எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற வரிசை வீடு. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆசீர்வாதம் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எதையும் மறைக்க முடியாது. அதே கம்பளிதான் போக வேண்டும், முழுசாக.

அப்போதுதான் எனக்கு ஒரே ஒரு கைத்தொழில் தெரியும் என்பது ஞாபகம் வந்தது. கடலை மூட்டைக்கு வாய் தைப்பேன். கோணி ஊசியும் சணலும் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன். அப்பாவின் கம்பளியிலிருந்து பிளேடால் இரண்டு சதுரம் வெட்டினேன். சுதீஷ் ஒரு மூலையை இழுத்துப் பிடித்தான். கல்பாத்திக்காரன் எச்சில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொரு மூலையைப் பிடித்தான். ஜெபராஜ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முதல் ஒட்டு முடிந்தது. இரண்டாவதில் பாதி போயிருப்பேன்.

"ஏல மூட்டைக்காரா" என்று தலைக்குமேல் குரல் கேட்டது. "இம்புட்டு எட்டி எட்டித் தச்சா எங்கம்மா கால் வெரலு உள்ள மாட்டிக்கிடும். கிட்டக் கிட்டப் போடுல." சொல்லிக்கொண்டே மூன்றாவது மூலையை இழுத்துப் பிடித்தான்.

பிரித்துவிட்டு முதலிலிருந்து தைத்தேன். சாம்பல் கம்பளியில் இரண்டு கருப்புச் சதுரங்கள். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் கடலை மூட்டை கட்டி ஈரோட்டுக்கு அனுப்பினாலும் ஒரு பருப்பு சிந்தாது.

இங்கே அப்பா கம்பளியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மீதியைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நானும் வீட்டில் இருந்த ஒரு மழை நாளில் அப்பா எடுத்துத் தலையில் போட்டார். இரண்டு ஜன்னல். "ஏனுங்கம்மிணி, எலி கடிச்சா கோணலும் மாணலுமாத்தானே கடிக்கும்? இது அளவெடுத்தாட்டச் சதுரமாக் கடிச்சிருக்குது?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "காலேஜ் படிச்ச எலியாட்ட இருக்குதுங்க" என்றார்.

கிறிஸ்மஸ் லீவுக்கு ஜெபராஜ் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். அவன் அம்மாவிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்பதாகத் திட்டம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று கேரளத்திலிருந்து கேரளத்துக்குத் தமிழ்நாடு வழியாகப் போனோம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். "அம்மா, நாந்தானுங்க பொசுக்கினது, மன்னிச்சுக்கோங்க." சின்ன வாக்கியம்தான்.

போய்ச் சேர்ந்தபோது கிறிஸ்மசுக்கு முந்தின நாள் சாயங்காலம். லயத்து வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்கின. ஜெபராஜின் அம்மா சிறிய உருவம், பெரிய குரல். "வாய்யா, உள்ள வாய்யா, குளுரும்" என்று என்னை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கம்பளியைப் பிரித்தார். ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"என்னல இது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெபராஜ் முந்திக்கொண்டான். "சட்ட தேய்க்க ஒரு இஸ்திரிக்காரன்ட்டக் குடுத்தேன். பொசுக்கிட்டான். இவந்தாம்மா ஒக்காந்து தச்சுக் குடுத்தான்."

என்னைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன். அடுத்து நடந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

"எந்தப் பேதில போவான்ல அவன்? கண்ணு பொடதியிலயா இருக்கு அவனுக்கு? வெளங்குவானா?" என்று தொடங்கினார். "இன்னைக்குப் போயி ஏச வைக்கானே, கர்த்தாவே!" என்று நடுவில் மேலே பார்த்து ஒரு விண்ணப்பம். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும். ஒவ்வொரு வசவுக்கும் என் தட்டில் ஒரு கரண்டி குழம்பு விழுந்தது. "நீ சாப்புடுய்யா. நீ நல்லா இருப்ப. அவன் வெளங்காமப் போவட்டும். என்னய்யா, நாஞ் சொல்லுதது சரிதானே?"

"ஆமாங்கம்மா" என்றேன். "கவனமே இல்லாதவனுங்க."

ஜெபராஜ் சுவரில் சாய்ந்துகொண்டு அனுபவித்தான். "இன்னும் கொஞ்சம் ஏசும்மா. அவன் பொசுக்குனதோட விடல. காத்தோட்டமா இருக்கும்னு வேற சொன்னான்." அப்புறம் அவர் ஏசியதை எழுதினால் அச்சில் நிற்காது. அன்றைக்கு அவன் கண்ணில் பார்த்த சிரிப்பில்தான், இனி இவன் என்னோடு பேசுவான் என்று தெரிந்தது.

மறுநாள் காலையில் அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார். வழியில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்திருந்தது. இரண்டு கருப்புச் சதுரங்களும் எனக்கு முன்னால் நடந்து போயின. பட்டம் வாங்கிய பிறகும் நாலைந்து கிறிஸ்மசுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அந்த இஸ்திரிக்காரன் இன்னும் உயிரோடதான் இருக்கானா?" என்று விசாரிப்பார். "இருக்கானுங்கம்மா" என்பேன். அடுத்த வருஷம் சொல்லிவிடலாம் என்று திரும்பி வருவேன்.

பிறகு எனக்கு வேலை, கல்யாணம் என்று போக்குவரத்து குறைந்தது. அவருக்கு வேலையில் ஓய்வு வந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. வேலை இருக்கும்வரைதானே அந்த வீடு. உடுமலையில் வாத்தியாராக இருந்த ஜெபராஜின் வீட்டுக்கு வந்துவிட்டார். போன மழைக்காலத்தில் அங்கேயே இறந்துபோனார்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் கலைந்த பிறகு ஜெபராஜிடம், "ஒண்ணு சொல்லோணும்டா. அம்மாகிட்ட நான் கடைசிவரைக்கும்..." என்று இழுத்தேன்.

"என்னத்த, கம்பளியா? அன்னைக்கே அவளுக்குத் தெரியும்ல."

"நீ சொன்னியா?"

"நான் எதுக்குல சொல்லணும்? நீதான் ஆமாங்கம்மா, ஆமாங்கம்மான்னு தலைய ஆட்டிக்கிட்டு தொப்பலா வேர்த்துப் போயி இருந்தியே. ஊரான் செஞ்ச தப்புக்கு எவம்ல டிசம்பர் குளுருல வேர்ப்பான்?"

"அப்புறம் ஏண்டா வருஷா வருஷம் அந்த ஏச்சு?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்துருக்கா." அவன் அழுதுகொண்டிருந்தானா சிரித்துக்கொண்டிருந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. "நீ போன பெறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நல்லாத் தைக்கான், நல்லாத் திங்கான், வாயத்தான் தொறக்க மாட்டுக்கான்னு."

அந்த லயத்து வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அந்த அடுப்பும், அதன் பக்கத்தில் எனக்கென்று நகர்த்திப் போட்ட பலகையும் எங்கே போயினவோ. வகுப்பில், ஸ்டாஃப் ரூமில், கல்யாணப் பந்தியில், பஸ்ஸில் என்று நான் பேசாத இடமில்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் நான் எப்போது வாயை மூடுவேன் என்றுதான் காத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்க வேண்டுமென்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.